நேரத்தை மறந்த கடிகாரக்காரர்: புனித லூயி மார்ட்டின்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். ஏறக்குறைய ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு வீட்டில் இந்தக் காட்சியைக் காண்கிறோம். கட்டிலில் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கிறார். கைகள் நடுங்குகின்றன. கடையோ பள்ளிக்கூடமோ, ஒரு காலத்தில் அதைத் தனியாளாக நடத்தியவர். மணி பதினொன்று ஆகிவிட்டது; அவருக்கோ பொழுது இன்னும் விடியவில்லை. வந்து ஐந்து நிமிடங்கள் ஆன நம்மைப் பார்த்து, எப்போது வந்தீர்கள் என்று மறுபடியும் கேட்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனைவி கோவிலுக்குப் போயிருப்பதாகவும், இன்னும் திரும்பவில்லையே என்றும் கவலைப்படுகிறார். வாசல்வரை வழியனுப்ப வரும் மகனும் மருமகளும், ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப்போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு நம்மிடம் பேசுகிறார்கள். அந்தக் குரலில் களைப்பு இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது.

பார்க்கின்சன் நோய் என்றால் நடுக்கம் என்றுதான் நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களின் நடுங்கும் கையை உலகமே பார்த்தது. ஆனால் அந்த நோய் சிலரிடம் நினைவையும், நேரத்தை உணரும் ஆற்றலையும் தொடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாதம், மூளையின் இரத்தக் குழாய்களில் வரும் அடைப்பு, முதுமை மறதி ஆகியவையும் இதே துன்பத்தை வேறு வழிகளில் கொண்டு வருகின்றன. இப்படிப்பட்ட ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அவர் நமக்கு அந்நியரும் அல்லர். சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை புனித லூயி மார்ட்டின்தான் அவர். அவருடைய தொழில் கடிகாரம் செய்வதும் பழுது பார்ப்பதும்.

கடிகாரக் கடை

லூயி மார்ட்டின் 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தார். தந்தை இராணுவ அதிகாரி. படை போகும் ஊரெல்லாம் குடும்பமும் போனது. பிறகு நார்மண்டிப் பகுதியிலுள்ள அலான்சோன் என்னும் ஊரில் குடியேறினார்கள். இராணுவ வீட்டின் ஒழுங்கு சிறுவன் லூயியிடம் நன்றாகப் படிந்தது. எழும் நேரம், செபிக்கும் நேரம், உண்ணும் நேரம் என எல்லாவற்றிற்கும் ஒரு முறை இருந்தது.

ரென், ஸ்திராஸ்பூர், பாரிசு ஆகிய நகரங்களில் அவர் கடிகாரத் தொழிலைக் கற்றார். அது பொறுமையைக் கேட்கும் வேலை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத பற்சக்கரங்களை இடுக்கியால் எடுத்து அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் கடிகாரம் பின்தங்கும். கை நடுங்கக்கூடாது, கவனம் சிதறக்கூடாது.

இடையில் துறவியாகும் ஆவல் அவருக்கு எழுந்தது. ஆல்ப்ஸ் மலையில், பனியில் வழி தவறும் பயணிகளைக் காப்பாற்றும் புனித பெர்னார்து மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் மொழி தெரியாததால் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி இலத்தீன் படிக்க முயன்றார். உடல்நலம் இடம் தரவில்லை. எனவே இறைவனின் திட்டம் வேறு என்று ஏற்றுக்கொண்டு, 1850ஆம் ஆண்டு அலான்சோனில் கடிகாரக் கடை திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடை திறக்கவே திறக்காது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மக்கள் நகரத்திற்கு வருவது அன்றைக்குத்தான். வியாபாரம் கைநழுவிப் போகிறதே என்று நண்பர்கள் எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. மற்றவர்களுக்கு நேரம் காட்டும் கருவியை விற்றவர், தம் நேரம் ஆண்டவருடையது என்பதில் உறுதியாக இருந்தார்.

ஒன்பது பிள்ளைகள்

1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில், அலான்சோன் அன்னை மரியா ஆலயத்தில் லூயிக்கும் ஸெலி குவெரினுக்கும் திருமணம் நடந்தது. ஸெலியும் துறவியாக விரும்பி, அது கைகூடாமல் போனவர். அலான்சோனின் புகழ்பெற்ற சரிகைப் பின்னல் வேலையில் கைதேர்ந்தவர். பல பெண்களுக்கு வேலை கொடுத்து அத்தொழிலை நடத்தியவர். பிற்காலத்தில் லூயி தம் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக நின்றார்.

அவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். நான்கு பேரைச் சிறு வயதிலேயே கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஐந்து பெண்கள் எஞ்சினார்கள்: மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேசா. காலை 5.30 மணித் திருப்பலிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போவார்கள். ஏழைகளுக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் மார்புப் புற்றுநோயால் ஸெலி இறந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது வயது நான்கு. லூயி, மனைவியின் சகோதரர் இசிதோர் குவெரின் வாழ்ந்த லிசியே நகருக்குப் பிள்ளைகளோடு குடிபெயர்ந்தார். மாலையில் தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், ஏதாவது ஓர் ஆலயத்தில் நற்கருணை நாதரைச் சந்திப்பதும், இரவில் பிள்ளைகளோடு செபிப்பதும் அவருடைய அன்றாட ஒழுங்காயின. தெரேசாவை அவர் தம் சின்ன ராணி என்று அழைத்தார். அவளுக்கு அவர் அரசர்.

அந்த நாள்களில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி நடந்தது. தந்தை வெளியூர் போயிருந்த ஒரு பிற்பகலில், சிறுமி தெரேசா சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தையைப் போன்றே உடையணிந்த ஒருவர், முதுகு வளைந்து, தலையைத் துணியால் மூடியபடி நடந்து போவதைக் கண்டாள். அப்பா என்று கூப்பிட்டாள். அந்த உருவம் திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்கிடையே மறைந்தது. அக்காமார் ஓடிவந்து தேடினார்கள்; யாரும் இல்லை. அதன் பொருள் பல ஆண்டுகள் கழித்தே அவளுக்குப் புரிந்தது.

முதல் அடி

1887ஆம் ஆண்டு மே முதல் நாள் காலையில் லூயி கண்விழித்தபோது, உடலின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. பேச்சும் குழறியது. மருந்துக்கடை நடத்திய இசிதோர் விரைந்து வந்து கவனித்தார். சில நாள்களில் லூயி தேறினார். நான்கு வாரங்கள் கழித்து, பெந்தகோஸ்து பெருவிழா மாலையில், பதினான்கு வயது தெரேசா அவரிடம் கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டாள். பவுலினும் மரியும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். தந்தை அழுதார், பிறகு சம்மதித்தார். சுவரோரம் இருந்த ஒரு சிறு வெள்ளைப் பூவை வேரோடு எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் அவளை உரோமைக்கு அழைத்துப்போனார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் காலடியில் அவள் மன்றாடியதை நாம் அறிவோம். 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவள் கார்மேலுக்குள் நுழைந்தாள்.

அடுத்த மாதம் லூயி அலான்சோனுக்குப் போனார். தமக்குத் திருமணம் நடந்த அதே ஆலயத்தில் செபித்தபோது பெரும் ஆறுதல் அவரை நிரப்பியது. தாம் இவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பது சரியல்ல, ஆண்டவருக்காக ஏதாவது துன்பப்பட வேண்டும் என்று எண்ணி, தம்மையே அவருக்குக் காணிக்கையாக ஒப்படைத்தார். இதைப் பிறகு கார்மேல் மடத்தின் சந்திப்பறையில் தம் மகள்களிடம் தெரிவித்தார். அது எத்தகைய துன்பமாக வரும் என்று அவருக்கோ அவர்களுக்கோ தெரியாது.

அந்த ஜூன் மாதமே ஒருநாள் அவர் வீட்டில் இல்லை. யாரிடமும் சொல்லாமல் எங்கோ போயிருந்தார். ஊரெல்லாம் தேடினார்கள். பின்னர் லெ ஹாவ்ர் துறைமுக நகரிலிருந்து பணம் கேட்டு அவரிடமிருந்து செய்தி வந்தது. செலினும் மாமா இசிதோரும் விரைந்துபோய், நான்கு நாள்களுக்குப் பிறகு அவரைக் கண்டுபிடித்தார்கள். உலகைத் துறந்து எங்காவது தனிமையில் வாழ வேண்டும் என்ற எண்ணம் அவரை இழுத்துச் சென்றிருந்தது. இளமையில் ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் சென்ற அதே ஆசை, இப்போது நோயின் பிடியில் வழி தெரியாமல் அலைந்தது. நேற்று எது, இன்று எது என்ற எல்லைக்கோடு அவருக்குள் அழியத் தொடங்கியிருந்தது.

1889ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் தெரேசா துறவற உடை பெற்றார். அன்று மட்டும் தந்தை தெளிவாக இருந்தார். மணமகளைப்போல் அலங்கரிக்கப்பட்ட மகளின் கைப்பிடித்து ஆலயத்திற்குள் அழைத்து வந்தார். அது அவருடைய குருத்து ஞாயிறு என்று தெரேசா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதன்பின் அவருக்குப் பாடுகளின் வாரம்தான்.

கான் நகர மருத்துவமனை

அடுத்த மாதம் நிலைமை முற்றியது. இல்லாத காட்சிகள் அவருக்குத் தெரிந்தன. போர் நடப்பதாகவும், பீரங்கி முழங்குவதாகவும், எதிரிகள் வீட்டுக்குள் நுழைவதாகவும் கண்டார். மகள்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். இராணுவ அதிகாரியின் மகன் அவர். 1870ஆம் ஆண்டுப் போரையும் அதன் பின் ஊருக்குள் வந்த செருமானியப் படையையும் கண்டவர். வீட்டில் இருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். வேறு வழியின்றி இசிதோர், 1889ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், கான் நகரில் அருள்சகோதரிகள் நடத்திய மனநோயாளர் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார். மூளையின் இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியதே அவருடைய நோய்க்குக் காரணம். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. ஊராரின் வாயில் அதற்கு ஒரே பெயர்தான்: பைத்தியம்.

லிசியே சிறிய நகரம். அங்கே பேச்சு பரவியது. மகள்கள் ஒவ்வொருவராக மடத்திற்குப் போனதால்தான், அதிலும் செல்ல மகள் இவ்வளவு சிறு வயதில் போனதால்தான், தந்தைக்குப் புத்தி பேதலித்தது என்றார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவர்களையும் தாண்டித் தெரேசாவின் காதில் விழுந்தது. அவருக்கு வயது பதினாறு.

லெயோனியும் செலினும் கான் நகருக்கே போய், மருத்துவமனைக்கு அருகில் ஒரு கன்னியர் இல்லத்தில் தங்கினார்கள். வாரத்தில் ஒரு முறைதான் தந்தையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் மருத்துவமனை வாசலுக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்தார்கள். சுமார் மூன்று மாதங்களுக்குப் பிறகே லிசியேக்குத் திரும்பினார்கள். அதன் பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மருத்துவமனையில் லூயிக்கு இருளும் ஒளியும் மாறிமாறி வந்தன. சில நாள்கள் எதுவும் புரியாது. சில நாள்கள் தாம் எங்கே இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்பது முழுமையாகத் தெரியும். தெளிவான நாள்களே அதிகம் வலித்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. தெளிவு இருந்த நாள்களில் அவர் நற்கருணை உட்கொண்டார். தமக்குக் கிடைத்த தின்பண்டங்களைப் பக்கத்தில் இருந்த நோயாளர்களுக்குக் கொடுத்தார். குணமடைந்துவிடுவீர்கள் என்று ஆறுதல் சொன்னவர்களிடம், தாம் அதைக் கேட்கவில்லை என்று தெரிவித்தார். வாழ்நாள் முழுவதும் எல்லாராலும் மதிக்கப்பட்ட தமக்கு ஒரு தாழ்ச்சி தேவைப்பட்டது, அதனால்தான் ஆண்டவர் இதைத் தந்தார் என்று ஏற்றுக்கொண்டார்.

இருந்தாலும் அவர் கல் அல்லர். 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம், சொத்துகளைக் கவனிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். குடும்பத்தின் நன்மைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் தம் பிள்ளைகளே தம்மை நம்பவில்லை என்று எண்ணி அவர் தேம்பி அழுதார். நினைவு தேய்ந்த மனிதருக்கு மானம் தேய்ந்துவிடுவதில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியை நம் குடும்பங்கள் மறக்கக்கூடாது. பெரியவருக்கு ஒன்றும் புரியாது என்று எண்ணி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றியும் அவருடைய நிலம், வீடு பற்றியும் நாம் பேசுகிறோமே, அப்போது இந்தக் கண்ணீரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1890ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தெரேசாவுக்குக் கறுப்பு முக்காடு அணிவிக்கும் சடங்கு நடந்தது. தந்தையைச் சற்று நேரத்திற்காவது அழைத்து வர செலின் ஆசைப்பட்டார். அது ஆபத்தானது என்று மாமா தடுத்துவிட்டார். தந்தையின் ஆசி இல்லாமலே சடங்கு நடந்தது. தெரேசா அன்று கண்ணீரை அடக்க முடியாமல் அழுதார்.

வீடு திரும்பியவர்

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அப்படிக் கழிந்தன. கால்கள் முற்றிலும் செயலிழந்துபோயின. இனி அவர் எங்கும் ஓடிப்போக மாட்டார் என்ற நிலையில், 1892ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் லிசியேக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு நாள் கழித்து கார்மேல் மடத்தின் சந்திப்பறைக்குக் கொண்டு சென்றார்கள். துறவற மகள்கள் மூவரும் கம்பிக்கு அப்பால் நின்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அனுப்பிவைத்த மகள் இப்போது பத்தொன்பது வயதுத் துறவி. விடைபெறும் நேரத்தில் அவர் கண்களை உயர்த்தி, விரலை மேல்நோக்கிக் காட்டினார். இனி விண்ணகத்தில் சந்திப்போம் என்பதை அந்த ஒரு விரலால் சொல்லிவிட்டார். அதுதான் அவர்களுடைய கடைசிச் சந்திப்பு.

பிறகு இரண்டு ஆண்டுகள் செலின் அவரைத் தாய்போல் கவனித்துக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்த்தித் தோட்டத்திற்குக் கொண்டுபோனார். ஊட்டினார், துடைத்தார், செபம் சொல்லிக்கொடுத்தார். கார்மேலில் சேர வேண்டும் என்ற தம் ஆவலைத் தந்தைக்காக ஒத்திவைத்தார். 1894ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, எவ்ரு நகருக்கு அருகில் லா முஸ் என்னும் இடத்திலிருந்த குவெரின் குடும்பத்தின் மாளிகையில் லூயி இறந்தார். செலின் அருகில் இருந்து இயேசு, மரியா, யோசேப்பு என்னும் திருப்பெயர்களைச் சொல்லிச் செபித்தார். கடைசியில் அவர் கண்திறந்து மகளை அறிந்துகொண்ட பார்வையோடு நோக்கினார் என்பது செலினின் சாட்சியம். அவருக்கு எழுபத்தொரு வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. அவர் கடையை ஒருபோதும் திறக்காத ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்.

மகளின் நினைவில்

தந்தை இறந்து ஆறு மாதங்கள் கூட ஆகவில்லை. 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பவுலின் கேட்டுக்கொண்டபடி, தெரேசா தம் வாழ்க்கை நினைவுகளை எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் ஓர் ஆன்மாவின் வரலாறு என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நூலின் தொடக்கம் அது. இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். தந்தையிடமிருந்து நினைவு பறிக்கப்பட்டது. மகளோ அந்த வீட்டின் நினைவுகளை எல்லாம் எழுத்தில் சேர்த்து வைத்தாள்: மாலை நடைகள், தோட்டம், வெள்ளைப் பூ, செபிக்கும் தந்தையின் முகம். அவரால் காத்துக்கொள்ள முடியாமல்போனதை மகள் காத்து வைத்தாள்.

தந்தை துன்புற்ற அந்த மூன்று ஆண்டுகளைத் தம் குடும்பத்தின் மிகவும் விலையேறப்பெற்ற காலமாக அவர் எழுதினார். அதை வேறு எந்தப் பேரின்பக் காட்சிக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்ற கருத்தையும் பதிவு செய்தார். சிறு வயதில் தோட்டத்தில் கண்ட, தலை மூடிய உருவத்தின் பொருளும் அவருக்கு விளங்கியது. நோயின் நாள்களில் தந்தை தம் தலையைத் துணியால் மூடிக்கொள்வதுண்டு. பாடுகளில் இயேசுவின் முகம் மறைக்கப்பட்டதுபோல, தந்தையின் முகமும் மறைக்கப்பட்டது என்று அவர் கண்டுகொண்டார். குழந்தை இயேசுவின் தெரேசா என்ற தம் பெயரோடு திருமுகத்தின் தெரேசா என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டது தந்தையின் நோய் முற்றிய அந்தக் காலத்தில்தான். உருக்குலைந்த துன்புறும் ஊழியனைப் பற்றிய எசாயாவின் பகுதியை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தம் வீட்டிலேயே படித்தார்.

திருச்சபை 2008ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லிசியேயில் லூயியையும் ஸெலியையும் அருளாளர்களாக உயர்த்தியது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், குடும்பத்தைப் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார். மனநோயாளர் மருத்துவமனையில் கழிந்த ஆண்டுகளை மறைத்துவிட்டு அந்தப் பட்டம் கொடுக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளும் அவருடைய புனிதத்தின் பகுதியே.

நம் வீடுகளில்

லூயிக்கு இருந்தது பார்க்கின்சன் நோய் அன்று. ஆனால் அந்த நோய் உள்ள வீடுகளுக்கும் அவர் பாதுகாவலரைப்போல் இருக்க முடியும். 1817ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, நோயாளியின் அறிவு கெடுவதில்லை என்றே கருதினார். இன்று மருத்துவர்கள் அதற்கு மேலும் அறிந்திருக்கிறார்கள். மூளையில் டோபமைன் என்னும் பொருளைத் தரும் செல்கள் அழிவதால்தான் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. நொடிகளையும் நிமிடங்களையும் உள்ளுக்குள் அளந்து பார்க்கும் ஆற்றலுக்கும் அதே டோபமைன் வேண்டும். ஆகவே, எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு நோயாளிக்குத் தவறிப்போகலாம். அவர் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. அவருக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடவில்லை.

நினைவும் பெரும்பாலும் முழுவதாக அழிந்துபோவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கத்தான் முடிவதில்லை. ஒரு குறிப்பை எடுத்துக் கொடுத்தால், சற்று நேரம் பொறுத்துக் காத்திருந்தால், பலருக்கு அது திரும்ப வருகிறது. சிலர் இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் காண்கிறார்கள். அது பேய் பிடித்ததும் அன்று, செய்வினையும் அன்று. நோயினாலும் வரும், சில நேரம் மருந்தினாலும் வரும். மந்திரவாதியிடம் ஓடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தை நாமாக நிறுத்திவிடவும் கூடாது. இந்த நோய்க்கான மாத்திரைகளைக் குறித்த மணிக்குத் தவறாமல் கொடுப்பது மிக முக்கியம். நேரம் தெரியாதவருக்கு வீட்டிலுள்ளவர்கள்தான் கடிகாரமாக இருக்க வேண்டும்.

இறந்த மனைவியைத் தேடும் பெரியவரிடம், அவள் செத்துப் பத்து வருடம் ஆயிற்றே என்று ஒவ்வொரு முறையும் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக மனைவியை இழக்கிறார். அவளைப் பற்றி அவரைப் பேசவிடலாம். பிறகு அவளுக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லலாம். நாம் பலமுறை கண்டிருக்கிறோம்: பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாதவர்கூட, செபமாலையைக் கையில் கொடுத்து நாம் தொடங்கினால், மீதிப் பாதியைத் தாமே சொல்லி முடிக்கிறார். சிறு வயதில் தாய் மடியில் கற்றது அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. எனவே புரியாதே என்று எண்ணி அவர்களுக்கு நற்கருணையும் நோயில்பூசுதலும் கிடைக்காமல் செய்துவிடாதீர்கள். பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னும் ஒரு சொல். பெற்றோரை மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சேர்க்க நேர்ந்த பிள்ளைகள் சிலர், குற்றவாளிகளைப்போல் ஒப்புரவு அருள்சாதனத்திற்கு வருகிறார்கள். உலகம் போற்றும் புனிதையின் குடும்பத்துக்கே அந்த நிலை வந்தது. ஊர் அவர்களையும் பேசியது. தந்தையை வெளியே சேர்த்ததால் அவர்களின் அன்பு குறைந்துவிடவில்லை. ஏனென்றால் சேர்த்துவிட்டு அவர்கள் மறந்துபோகவில்லை. வாசலில் போய் நின்றார்கள். முடிந்தபோது வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சேர்த்தது பாவமா என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்ற கேள்வியையே நாம் திருப்பிக் கேட்கிறோம். தந்தையின் அறிவு குன்றிப்போனாலும் மகன் பொறுமை காக்க வேண்டும் என்று சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. தாயே தன் குழந்தையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா வழியாக உறுதி தந்தவர் நம் ஆண்டவர். தன்னையே மறந்துவிட்ட மனிதரையும் அவர் மறப்பதில்லை. அதை அந்தப் பெரியவருக்கு உணர்த்த இன்று அவர் பயன்படுத்தும் கை நம்முடையது.

புனிதர்கள் லூயி, ஸெலி ஆகியோரின் திருநாள் ஜூலை 12. இந்த ஆண்டு அந்த நாளில், நம் தெருவில் வெளியே வராத ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். அவர் நம் பெயரைக் கேட்பார், சொல்வோம். மறுபடியும் கேட்பார், மறுபடியும் சொல்வோம்.

நேரத்தை அளந்து வாழ்ந்து, அந்த நேரத்தையே ஆண்டவரிடம் விட்டுக்கொடுத்த புனித லூயியே, நினைவிழந்த எங்கள் பெற்றோருக்காகவும், அவர்களைப் பேணிக் களைத்துப்போன எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.